மதுரை வெயிலுக்கு எந்த ஆயில்?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "நம்மூரு வெயிலுக்குப் பத்து முப்பதெல்லாம் தண்ணியாப் போயிரும்ணே. இருபது ஐம்பது ஊத்துங்க, அதுதான் தாங்கும்." சொல்கிறவர் யாரையும் ஏமாற்றச் சொல்லவில்லை. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படிச் சொன்னார். அந்தக் காலத்து வண்டிகளுக்கு அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. இன்றைக்கு ஷோரூமிலிருந்து இறங்குகிற வண்டிகளுக்கு அது பொருந்தாது. சொந்தபந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் "எந்த ஆயில் ஊத்தலாம்?" என்று எனக்குப் போன் வரும். போனில் சொல்ல முடிவது கொஞ்சம்தான். அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் வெயிலைப் பேசிவிடுவோம். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் 40 டிகிரி அடிக்கும், சில நாள் அதையும் தாண்டும். நமக்கு அது கொடுமை. ஆனால் ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள் ஆயில் 90, 100, 110 டிகிரியில் இருக்கிறது. பிஸ்டன் ரிங் பக்கம் அதற்கும் மேலே போகும். அந்தக் கணக்கில் பார்த்தால், சித்திரை மாதத்து மதியத்தில் மாட்டுத்தாவணி ஸ்டாண்டில் காய்ந்துகொண்டிருக்கிற வண்டிகூட, நாம் சாவியைப் போடும்போது குளிர்ந்த வண்டிதான்.

ஒர்க்‌ஷாப்பில் 'பத்து முப்பது' என்பது கேனில் 10டபிள்யூ-30 என்று இருக்கும். அதில், பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரியில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கான தரம். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த அட்டவணைப்படி, 100 டிகிரியில் 30 எண் ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு அது) இருக்க வேண்டும். 40 எண்ணுக்கு 12.5 முதல் 16.3 வரை. 50 எண்ணுக்கு 16.3 முதல் 21.9 வரை. ஆகவே அந்த எண் ஊர் வெயிலைப் பார்த்து வைத்தது இல்லை. ஊட்டியில் ஓடினாலும் மதுரையில் ஓடினாலும், சூடேறிய இன்ஜினுக்குள் அது ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் வேலை செய்கிறது.

முன்னால் இருக்கும் 10டபிள்யூ குளிருக்கானது. மைனஸ் 25 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்கு அந்த ஆயில் இளக்கமாக இருக்க வேண்டும். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15. கொடைக்கானலில் மார்கழி ராத்திரி வண்டியை வெளியே நிறுத்தினாலும் அந்தக் குளிர் வராது. அதனால் 'முதல் எண் நமக்குத் தேவையில்லாதது' என்று பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இங்கேதான் கணக்கு தவறுகிறது.

சாதாரண 20டபிள்யூ-50 ஆயில் ஒன்று 100 டிகிரியில் சுமார் 18 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். அதையே 40 டிகிரியில் அளந்தால் 160-ஐ ஒட்டி வரும். 10டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் பத்து, பதினொன்று. 40 டிகிரியில் 70-ஐ ஒட்டி. இன்ஜினை வடிவமைத்தவர் அந்தப் பத்து, பதினொன்றை மனதில் வைத்துத்தான் பேரிங் இடைவெளியையும் ஆயில் பம்பையும் ஆயில் போகும் துளைகளையும் அமைத்திருக்கிறார். நம் ஊரின் மிகக் கொடிய மதியத்தில் ஸ்டார்ட் செய்தாலும், 'தண்ணி' என்று ஒதுக்கப்படும் அந்த ஆயில் வேண்டியதைவிட ஆறேழு மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. அதே இன்ஜினில் இருபது ஐம்பதை ஊற்றினால் பதினைந்து மடங்கு. சாடியிலிருந்து ஊற்றும் நல்லெண்ணெய்க்கும் காய்ந்த தோசைக்கல்லில் ஓடும் நல்லெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இன்ஜின் கேட்பது கல்லில் ஓடுவதை.

கெட்டியான ஆயில் மேலே கேம் ஷாஃப்ட் வரை போய்ச் சேரக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். பம்பில் அழுத்தம் ஏறி, ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பகுதி ஆயில் மேலே போகாமலே திரும்பிவிடும். காலையில் வண்டியை எடுத்ததும் ஆக்சிலேட்டரை முறுக்குகிற பழக்கம் நம் ஊரில் பலருக்கும் உண்டு. ஆயில் போய்ச் சேராத அந்தச் சில நொடிகளில் நடக்கும் தேய்மானத்தைப் பிறகு எந்த விலையுயர்ந்த ஆயிலாலும் திருப்பித் தர முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். காற்றால் குளிரும் இன்ஜின் தன் சூட்டை வெளிக்காற்றிடம்தான் விடுகிறது. கோரிப்பாளையம் சிக்னலில் 40 டிகிரி வெயிலில் மூன்று பேரோடு ஊர்ந்துகொண்டிருக்கும் பைக்குக்குக் காற்றும் இல்லை, இருக்கிற காற்றும் சூடு. அப்போது ஆயில் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடேறும், மெலியும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்காகத்தான் சில வண்டிகளின் புத்தகத்திலேயே வெப்பநிலைக் கோடு போட்டு, எந்த வெயிலுக்கு எந்த கிரேடு என்று இரண்டு மூன்று தேர்வுகள் கொடுத்திருப்பார்கள். உங்கள் புத்தகத்தில் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 இரண்டுமே இருந்தால், மதுரையில் கனமான ஓட்டத்துக்கு 40-ஐ எடுங்கள். நானும் அப்படித்தான் செய்வேன். புத்தகத்தில் இல்லாத எண்ணுக்கு மட்டும் தாவாதீர்கள்.

பழைய ஆட்கள் ஏன் கெட்டி ஆயிலை நம்பினார்கள் என்பதற்கும் நியாயம் உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொழில் தொடங்கி பஸ் ஓட்டிய ஊர் இது. வண்டி வேலை இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. அந்தப் பழைய இன்ஜின்களில் பேரிங் இடைவெளி பெரிது. ஆயிலும் ஒற்றை எண் ஆயில், வெறும் 40 என்றோ 30 என்றோ மட்டும் இருக்கும், சூட்டில் வேகமாக மெலிந்துவிடும். ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கிற வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் நீலப் புகை கொஞ்சம் அடங்கும், டேப்பட் சத்தம் குறையும். ஓட்டுகிறவருக்குக் கண்ணெதிரே பலன் தெரிந்தது. நாற்பது ஆண்டு பழைய புல்லட்டுக்கு இன்றும் 20டபிள்யூ-50 சரியான ஆயில்தான், அதன் இரும்பு சிலிண்டருக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நேற்று வாங்கிய 125 சிசிக்கு அதே வைத்தியம் செய்வதுதான் தப்பு.

அடுத்து, எண்ணைவிடவும் முக்கியம் என்று நான் நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் வந்து, 150 சிசி பைக்குக்கு என்று சொல்லி, கார் படம் போட்ட 5டபிள்யூ-30 சிந்தடிக் கேனைக் காட்டிக் கேட்டான். கடைக்காரர் வயசாளி. கேனை எடுத்துக் கொடுக்காமல், "எதுக்குத் தம்பி இது?" என்றார். "கூட வெல கொடுத்தா வண்டி நல்லாருக்கும்ல, அதான்ணே." "நல்லாத்தான் இருக்கும், காருக்கு. ஒன் வண்டில கிளட்ச் ஆயிலுக்குள்ளதான கெடக்கு? வழுக்கும். வண்டி கத்தும், நகராது." பையன் நம்பாமல் என்னைப் பார்த்தான். நானும் அதையேதான் சொன்னேன்.

காரில் இன்ஜினுக்குத் தனி ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் காய்ந்த இடத்தில் இருக்கும். பைக்கில் அப்படி இல்லை. ஒரு லிட்டர் அளவு ஆயில்தான் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். 1990-களில் மைலேஜுக்காகக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களை அதிகம் கலக்கத் தொடங்கினார்கள். காருக்கு நல்லது, பைக் கிளட்சுக்கு ஆகாது. அதனால்தான் ஜப்பான்காரர்கள் 1998-ல் மோட்டார் சைக்கிளுக்கென்றே ஜாசோ டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் எம்ஏ என்றால் கிளட்ச் பிடிக்கும் அளவு உராய்வு உள்ள ஆயில். எம்பி என்றால் உராய்வு குறைந்தது. எம்ஏ-வைப் பிறகு எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாகப் பிரித்தார்கள், எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். கேனின் பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள் இது அச்சடித்திருக்கும். முன்பக்கம் ரேஸ் வண்டிப் படம் பெரிதாக இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். கேனைத் திருப்பிப் பாருங்கள்.

ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) என்று போட்டு எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று வருவது இன்னொரு தரம். எஸ் பெட்ரோலுக்கு, சி டீசலுக்கு. எழுத்து பின்னால் போகப் போகப் புதிய தரம்: எஸ்எல் 2001-ல் வந்தது, எஸ்என் 2010-ல், எஸ்பி 2020-ல். உங்கள் வண்டிக்கு எஸ்எல் சொல்லியிருந்தால் எஸ்என் ஊற்றலாம், ஆனால் பைக்காக இருந்தால் கூடவே ஜாசோ எம்ஏ இருக்க வேண்டும். ஏபிஐ எழுத்து மட்டும் பார்த்து வாங்கினால் கிளட்ச் பற்றி அது ஒன்றுமே சொல்லாது.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. டிராக்டருக்கு வாங்கிய 20டபிள்யூ-40 கேனில் மிச்சம் இருக்கும். "ஆயிலு ஆயிலுதானப்பா" என்று அதையே பைக்குக்கும் ஊற்றிவிடுவார்கள். கிளட்ச் உடனே வழுக்காது, ஏனென்றால் அந்த வகை ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அது டீசல் புகைக்கரியைச் சுமப்பதற்காகச் செய்த ஆயில். அதன் சாம்பல் அளவு வேறு, கியர் பற்களின் நெருக்கலைத் தாங்குமா என்பதைப் பைக்கில் சோதித்தும் இருக்க மாட்டார்கள். வயலில் அவசரத்துக்கு, அளவு குறைந்து வண்டி நிற்கிற நிலையில், அதை ஊற்றி வீடு வந்து சேரலாம். வழக்கமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாத பக்கம் இருக்கிறது. அதனால் அங்கே எம்பி ஆயில் தாராளமாகப் போகலாம். ஹோண்டா தன் ஸ்கூட்டர்களுக்கு 10டபிள்யூ-30 எம்பி-யைத்தான் சொல்கிறது. ஒரே வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்தால் கேன் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஆயில் பைக்குக்குப் போவதுதான் ஆபத்து. இன்னொன்று, ஸ்கூட்டரின் பின்சக்கரத்துப் பக்கம் நூறு மில்லியை ஒட்டி ஒரு தனி கியர் ஆயில் இருக்கிறது. சர்வீஸில் அதை மாற்றச் சொல்லி நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் தொடுவதில்லை.

சரியான கேனை வாங்கியாகிவிட்டது. அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பது ஓட்டத்தைப் பொறுத்தது. இதில் நம் வழக்கமான எண்ணத்துக்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது.

என் சித்தப்பா உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறார். இருட்டோடு பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு 100 சிசி வண்டியில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருவார், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். ஒரு வழிக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். என் அக்கா திருநகரில் இருக்கிறாள். ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வருகிற வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு வண்டிக்கு வேலை முடிந்தது. எந்த வண்டியின் ஆயில் சீக்கிரம் கெடும் என்று கேட்டால் யாரும் சித்தப்பா வண்டியைத்தான் கைகாட்டுவார்கள். கெடுவது அக்கா வண்டியில்.

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் அறைக்கு இறங்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியாத பெட்ரோலும் கொஞ்சம் சேர்ந்து இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி இருபது முப்பது நிமிடம் ஓடினால் இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். சித்தப்பா வண்டியில் தினமும் அது நடக்கிறது. அக்கா வண்டியில் ஆயில் சூடேறுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலோடு கலந்து கலங்கும், அமிலம் உண்டாகும், பெட்ரோல் கலந்த ஆயில் மெலியும்.

ஒரு மழைக்காலத்தில் அக்கா பதறிப்போய் போன் செய்தாள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதாம். பார்த்துக் கொடுத்தவர், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, இன்ஜினை எறக்கணும்" என்று சொல்லிவிட்டாராம். தண்ணீரால் குளிரும் கார் இன்ஜினில் அப்படி வெள்ளை கண்டால் அந்தச் சந்தேகம் நியாயம், கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். அவளுடைய ஸ்கூட்டர் காற்றால் குளிர்வது. உள்ளே கலப்பதற்குக் கூலன்ட்டே கிடையாது. அது வெறும் ஈரம். இன்ஜினை இறக்க வேண்டாம், ஆயிலை மட்டும் மாற்றச் சொன்னேன். வாரத்தில் ஒரு நாளாவது மாமாவை அந்த வண்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலம் வரை போய்வரச் சொல்லு என்றேன். மூடியில் பசை அப்புறம் வரவில்லை.

ஆகவே கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து ஆயில் மாற்றுவது, குறைந்த தூரம் ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தாது. வருஷத்துக்கு 2000 கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்கூட்டர்கள் நம் தெருக்களில் எத்தனையோ நிற்கின்றன. கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆயில் இரண்டு மூன்று வருஷம் உள்ளேயே கிடக்கும். எவ்வளவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது.

மறுகோடியில் பால்காரர்கள். வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பக்கமும் கேன் கட்டி, வீட்டுக்கு வீடு நின்று நின்று, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே பாதி நாளை ஓட்டுகிறவர்கள். அங்கே ஆயில் வேறு விதமாகச் சாகிறது. இரட்டை எண் ஆயிலில், சூட்டில் மெலியாமல் பிடித்துவைக்க நீளமான பாலிமர் இழைகளைக் கலந்திருப்பார்கள். கியர் பற்களுக்கு நடுவே அந்த இழைகள் நசுங்கி அறுபடும். அறுபட அறுபட 40 எண்ணாக ஊற்றியது 30 எண்ணாக இறங்கும். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கிற மலிவான ஆயிலில் இது சீக்கிரம் நடக்கும். சுமை வண்டிக்கு, புத்தகம் அனுமதித்தால், இடைவெளி குறைந்த நல்ல ஆயிலை எடுத்து, புத்தகத்தில் சொன்ன தூரத்தில் பாதியிலேயே மாற்றுவதுதான் சரி. பல புத்தகங்களிலேயே கடின உழைப்பு வண்டிகளுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அளவுக்குச்சியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "கருத்துப்போச்சு, மாத்திருவோம்" என்பார்கள். ஆயில் கருப்பது அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். கரியைக் கழுவித் தன்னோடு மிதக்கவைத்துக்கொள்ளும் சேர்மானம் அதில் இருக்கிறது. டீசல் காரில் புது ஆயில் சில நாளிலேயே கருத்துவிடும். விரலில் தேய்த்துப் பார்த்துப் பாகுத்தன்மையையோ அமிலத்தையோ யாராலும் சொல்ல முடியாது. விரலுக்குத் தெரிவது இரண்டுதான்: மணல் மாதிரி உறுத்தல், பெட்ரோல் வாடை. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

நிறத்தைப் பார்ப்பதை விட்டு அளவைப் பார்க்கும் பழக்கம் வந்தால் பாதி இன்ஜின்கள் பிழைத்துக்கொள்ளும் என்பது என் உறுதியான எண்ணம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து 'போர்' செய்ய வருகிற வண்டிகளைப் பற்றி மெக்கானிக்குகளிடம் கேட்டுப் பாருங்கள். தப்பான ஆயில் ஊற்றிக் கெட்டதைவிட, ஆயிலே இல்லாமல் ஓட்டிக் கெட்டதுதான் அதிகம் என்பார்கள். சிறிய பைக்கில் மொத்தமே ஒரு லிட்டருக்குள்தான். முன்னூறு மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீதி ஆயில் அதே சூட்டைச் சுமக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துக் குச்சியைத் துடைத்து விட்டுப் பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும், ஆயில் போதும் என்று நாமும் விட்டுவிடுவோம். மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கெடுதல்தான். கிராங்க் அதைக் கலக்கி நுரையாக்கும், ஏர் ஃபில்டர் வரை ஆயில் ஏறும்.

சிந்தடிக் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கேனில் ஃபுல்லி சிந்தடிக் என்று இருப்பதெல்லாம் ஒரே பொருள் அல்ல. அமெரிக்காவில் மொபில் நிறுவனம், கேஸ்ட்ரால் தன் சிந்தடிக் ஆயிலில் கச்சா எண்ணெயை ஆழமாகச் சுத்திகரித்த குரூப் மூன்று அடிப்படை எண்ணெயைப் பயன்படுத்துகிறது என்று புகார் கொண்டுபோனது. அங்குள்ள விளம்பர ஒழுங்கு அமைப்பு 1999-ல் அதையும் சிந்தடிக் என்று விற்கலாம் என்று சொன்னது. அதன் பிறகு அந்தப் பெயர் அகலமாகிவிட்டது. குரூப் மூன்று மட்டமானது என்று நான் சொல்லவில்லை, நல்ல எண்ணெய்தான். சூட்டில் சீக்கிரம் கெடாது, பாலிமர் குறைவாகப் போட்டாலே பாகுத்தன்மை நிற்கும். ஆனால் நிதானமாக ஓட்டுகிற 100 சிசிக்கு, சரியான கிரேடில் சாதாரண ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதே போதும். மூன்று மடங்கு விலை கொடுத்துச் சிந்தடிக் ஊற்றிவிட்டு, கொடுத்த காசுக்காக மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வண்டிக்கு அதனால் நஷ்டம்தான்.

காருக்கு வருவோம். இங்கே புத்தகம் சொல்வதை மீறவே கூடாது என்பேன். இன்றைய பெட்ரோல் கார்களில் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 சொல்லியிருக்கிறார்கள். "இருபதா? மதுரையிலயா?" என்று கேட்பவர்கள் உண்டு. வால்வு நேரத்தை மாற்றும் பாகங்கள் ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. அவற்றின் துளைகள் மெல்லியவை, கெட்டி ஆயிலில் மந்தமாகும். டர்போ இருந்தால் அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றுகிறது, அங்கே ஆயில் நொடியில் போய்ச் சேர வேண்டும். டர்போ பெட்ரோல் கார் என்றால் ஏபிஐ எஸ்பி பார்த்து வாங்குங்கள். குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறுக்கு ஆயிலின் கால்சியம் சேர்மானமும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்து, அதைத் திருத்தி வந்த தரம் அது.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துவிடும். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே அடைந்துகொள்ளும். அதனால்தான் ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர்கள் அமைப்பான ஏசிஇஏ-வின் தரப்படி சி2, சி3 என்று சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கிறார்கள். அந்தத் தரங்களில் சல்ஃபேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. லாரி ஆயில் ஊற்றினால் கார் நன்றாகத்தான் ஓடும், வடிகட்டி அடைத்த பிறகுதான் செலவு தெரியும். காளவாசலுக்கும் அண்ணாநகருக்கும் மட்டும் ஓட்டுகிற டீசல் காரில் கரியை எரிக்கும் வேலை பாதியிலேயே நின்றுபோகும். அதற்காகப் பீய்ச்சப்பட்ட டீசல் ஆயிலோடு கலந்து, குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். அளவு ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம், ஆயிலை மாற்றுங்கள். மாதம் ஒரு தடவையாவது நான்குவழிச் சாலையில் விருதுநகர் வரை சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு: அதில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி போட்ட 2டி ஆயில் மட்டும். மேலே சொன்ன எந்த கேனும் பெட்ரோல் டேங்குக்கு ஆகாது.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது போலி. பழைய கேனில் மட்டமான ஆயிலை நிரப்பி மறுபடி விற்கிறார்கள். பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள், மூடியின் சீல் வளையம் முழுதாக இருக்கிறதா, அடியில் தேதியும் பேட்ச் எண்ணும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டிப் பக்கத்திலேயே நின்று, சீல் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலி கேனின் வாயைக் கத்தியால் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். அந்த கேன் இன்னொருவர் வண்டிக்குப் போலியாகப் போகாது. "என்னங்க, எங்க மேல சந்தேகமா?" என்று கேட்பார்கள். "சந்தேகம் ஒங்க மேல இல்லண்ணே, கேன் பொறுக்கிட்டுப் போறவங்க மேல" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இறக்கிய பழைய ஆயில் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். 2016-ன் அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு, அனுமதி பெற்றவர்கள்தான் அதைச் சேகரித்து மறுசுத்திகரிப்பு செய்யலாம். நம் பக்கம் சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும் வேலிக் காலில் கரையான் ஏறாமல் பூசவும் வாங்கிப் போகிறார்கள். அதில் தேய்ந்த உலோகமும் எரிந்த கழிவும் கலந்திருக்கிறது, வெறுங்கையால் தொடுவதே நல்லதில்லை. வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்கள் பலர் அதை வாசல் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். அது கிருதுமால் வாய்க்காலுக்கோ வைகைக்கோ பக்கத்துக் கண்மாய்க்கோதான் போகும். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, பெரிய சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களிடம் பேரலில் சேர்த்துவைத்து, எடுக்க வருகிறவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இருக்கும். அப்படிச் செய்கிறவர்கள் கேனைக் கிழிக்கும் வேலையை அதைக் காலி செய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.